ஜாமீன்தாரர் பெயர் கட்டாயம்

ஒகுநாமி நகராட்சியின் இணையதளம் காலை எட்டரை மணிக்குத் திறக்கும், மாலை ஐந்தேகாலுக்கு மூடும். நடுவில் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை சாப்பாட்டு நேரம். அந்த ஒரு மணி நேரமும் திரையில் ஓர் ஊழியர் இடுப்பை வளைத்துக் குனிந்தபடி நிற்பார். கீழே "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றிருக்கும். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் தளமே கிடையாது. கணினிக்கு எதற்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒருவர் கேட்டாராம். மற்ற ஊழியர்களுக்கு உள்ள உரிமை அதற்கும் உண்டு என்று அவருக்கு ஃபேக்ஸில் பதில் போனதாம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், எட்டு முப்பத்தொன்றுக்கு, குவாபரா தோமொஹிசா தன் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தத் தளத்தைத் திறந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகளாக இணையதளம் கட்டித்தருவதுதான் பிழைப்பு. முதலில் ஒரு நிறுவனத்தில், கடைசி ஒன்பது ஆண்டுகள் வீட்டிலிருந்தே தனியாக. வேலை கொடுப்பவர்கள் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினார்கள். அவரும் எழுத்திலேயே பதில் அனுப்பினார். போன வாரம் மூலைக்கடையில் சாப்பாட்டுப் பெட்டியைச் சூடுபண்ணித் தரட்டுமா என்று கேட்டபோது "ஆமாம்" என்று சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் பேசி நாலு நாள் ஆகியிருந்தது.

வலைப்பக்கங்களைப் பற்றி அவருக்குக் கறாரான கருத்துகள் இருந்தன. அதற்கென்றே சொந்தமாக ஒரு தளம் வைத்திருந்தார். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு பக்கம், கறுப்பு எழுத்து, வேறு எதுவும் இல்லை. முகப்பில் தானாக நகரும் படங்களை யாரும் பார்ப்பதில்லை. எழுத்தைப் படமாக்கி ஒட்டுவது பார்வையற்றவர் முகத்தில் கதவைச் சாத்துவது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் உரிமையை ஒரு மனிதனிடமிருந்து பறிக்கக் கூடாது. இப்படி வாரம் ஒரு கட்டுரை. அதை நாலு பேர் படித்தார்கள். அதில் மூன்று, தேடுபொறிகள் அனுப்பும் எந்திரங்கள் என்பது அவருக்குத் தெரியும். நாலாவது யார் என்று தெரியாது. அந்த நாலாவது ஆளுக்காகத்தான் எழுதினார்.

இப்போது அவருக்குப் பித்தப்பையில் கல். அவசரமில்லை, ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்று மருத்துவர் சொல்லி மார்ச் ஆறாம் தேதியைக் குறித்துக் கொடுத்துவிட்டார். மருத்துவமனை கொடுத்த தாளில் ஜாமீன்தாரர் பெயர், முகவரி, தொலைபேசி, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் சொந்த முத்திரை என்று ஒரு பகுதி இருந்தது. ஏதாவது ஆனால் கூப்பிட ஓர் ஆள், முடிந்ததும் வீட்டுக்கு அழைத்துப்போக ஓர் ஆள். வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் இதுவரை அவருடைய அண்ணன்தான் முத்திரை போட்டு வந்தார். அண்ணன் போன கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டார். குவாபரா தன் கைபேசியிலிருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பல் மருத்துவர், எரிவாயு கம்பெனி, அண்ணன், கூரியர், இன்னொரு பல் மருத்துவர். அவருக்கு அழுகை வரவில்லை. தன்னைப் பற்றி வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நகராட்சியில் இதற்கென்றே ஒரு சேவை இருந்தது. ஜாமீன்தாரர் இல்லாதோர்க்கு உதவும் திட்டம். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் நகராட்சியே அந்த இடத்தில் நிற்கும். படிவத்தின் முதல் கட்டம் அவர் பெயரைக் கேட்டது. இரண்டாவது கட்டம் ஜாமீன்தாரரின் பெயரைக் கேட்டது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், கட்டாயம் என்று.

காலியாக விட்டுப் பார்த்தார். "மிகவும் வருந்துகிறோம். தங்கள் உள்ளீட்டில் எங்கோ குறை உள்ளது" என்று சொல்லிவிட்டு, எங்கே என்று சொல்லாமல், தளம் மொத்தப் படிவத்தையும் அழித்தது. இரண்டாம் முறை அந்தக் கட்டத்தில் "யாருமில்லை" என்று எழுதினார். தளம் மகிழ்ச்சியோடு அடுத்த பக்கத்தைத் திறந்தது. "யாருமில்லை அவர்கள் தற்போது என்ன தொழில் செய்கிறார்?" என்று கேட்டது. "யாருமில்லை அவர்களுடன் தாங்கள் கடைசியாக உணவருந்தியது எப்போது?" என்று கேட்டது. யாருமில்லை அவர்களின் முத்திரையை ஸ்கேன் செய்து ஏற்றச் சொன்னபோது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. ஊழியர் வந்து குனிந்து நின்றார்.

குவாபரா பக்கத்தின் அடியில் ஓடும் நிரலைத் திறந்து பார்த்தார். அந்தக் கட்டத்தைக் கட்டாயம் ஆக்கியிருந்தது ஒரே ஒரு சொல். அதை எடுத்துவிட நாலு விநாடி போதும். நாலு விநாடி வேலைதானே, போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் பேருந்து ஏறினார். அவருடைய வாழ்க்கையில் அதைவிடத் தவறான கணிப்பு வேறில்லை.

பதினாலாம் எண் ஜன்னலில் நொனாகா என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அவளுக்கு மேலே "உறவிணைப்பு மேம்பாட்டுப் பிரிவு" என்ற பலகை தொங்கியது.

"இந்தக் கட்டத்தைக் காலியா விட முடியலைங்க," என்றார் குவாபரா, அச்சடித்துக் கொண்டுபோன தாளைக் காட்டி.

"ஜாமீன்தாரர் பேரை எழுதிட்டீங்கன்னா அடுத்த பக்கம் வந்துடும்ங்க."

"ஜாமீன்தாரர் இல்லாதவங்களுக்குத்தானே இந்தச் சேவை?"

"ஆமாங்க."

"அப்ப நான் யார் பேரை எழுதறது?"

நொனாகா தாளைப் பார்த்தாள். பிறகு தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க."

"இதுவரைக்கும் எத்தனை பேர் விண்ணப்பம் போட்டிருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதனால நம்ம ஊர்ல ஆதரவில்லாதவங்களே இல்லைன்னு மாகாணத்துக்கு அறிக்கை போயிருக்கு. கேடயம்கூடக் குடுத்தாங்க. அதோ அந்த அலமாரில இருக்கு."

கேடயம் இருந்தது. குவாபரா அதைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் போதும், வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து எடுத்துத் தருகிறேன் என்றார். நொனாகா எழுந்து உள்ளே போனாள். திரும்பும்போது பிரிவுத் தலைவர் ஹோஷினாவும் கூட வந்தார். உருண்டை முகம், நரைத்த புருவம். தன் பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டி, மரியாதைக்குச் 'சான்' சேர்த்துப் பேசினார்.

"நீங்க இந்தத் துறைல நிபுணராமே, குவாபரா-சான். உங்க மாதிரி ஒருத்தரைத்தான் நாங்க ரொம்ப நாளா தேடிட்டிருந்தோம்."

"ஒரு சொல்லை எடுக்கணும், அவ்வளவுதாங்க."

"அவ்வளவுதான்னு நீங்க சொல்றீங்க. நாளைக்கு ஒருத்தர் வந்து, அந்தச் சொல் ஏன் இத்தனை நாளா இருந்துச்சுன்னு கேட்டா? எடுத்துட்டோம்னா அது தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மேம்பாடுன்னு சொல்லி எடுத்தோம்னா அது வளர்ச்சி. அதுக்கு ஒரு குழு வேணும்." ஹோஷினா ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார். "நீங்க அதுல இருக்கணும்."

எத்தனை நாளாகும் என்று குவாபரா கேட்டார். மார்ச் ஆறாம் தேதியைச் சொன்னார். பித்தப்பையைப் பற்றியும் சொன்னார்.

"மார்ச்சா? அதுக்குள்ள முடிச்சிரலாம்," என்றார் ஹோஷினா. "உங்க பித்தப்பையையே இலக்கா வச்சுக்குவோம்."

இணையப் பயன்பாட்டு எளிமை ஆலோசனைக் குழு நவம்பரில் நான்காவது மாடியில் கூடியது. பதினாலு உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு பச்சைத் தேநீர் பாட்டில், முன்னால் பெயர்ப் பலகை. குவாபராவின் பலகையில் "திறன் வாய்ந்த குடிமகன்" என்று எழுதியிருந்தது. அறையில் கணினி கிடையாது. தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பெரிய தாளில் வண்ணத்தில் அச்சடித்து, ஓரத்தில் பிணைத்து வைத்திருந்தார்கள். முகப்பில் தானாக நகரும் ஏழு படங்களையும் உறுப்பினர்கள் உள்ளபடி உணர வேண்டும் என்பதற்காக, ஓர் இளநிலை அதிகாரி முன்னால் நின்று நாலு விநாடிக்கு ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். ஏழாவது முடிந்ததும் மறுபடி முதலாவது. கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. நிறுத்தச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு கொடுக்காததால் இரண்டு மணி நேரமும் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இதைத்தான் சொல்றேன்," என்றார் குவாபரா. "அவரை இப்ப இந்த அறைல யாராவது பார்க்கறீங்களா?"

யாரும் பார்க்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. ஹோஷினா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"குவாபரா-சான் சொல்றது புரியுது. நுழைஞ்சதும் வேலை முடியணும்ங்கறார். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நம்ம தளத்துக்கு வர்ற ஒருத்தர் சராசரியா இருபத்து மூணு நிமிஷம் இருக்கார். மாகாணத்துலயே நாமதான் முதல். பக்கத்து ஊர்ல ஒன்றரை நிமிஷம். வந்தாங்க, வேலையை முடிச்சாங்க, போயிட்டாங்க. அது உறவா? இங்க தேடறாங்க, கிடைக்கலை, திரும்பத் தேடறாங்க. தனியா இருக்கற ஒரு மனுஷனோட யாருங்க இந்தக் காலத்துல இருபத்து மூணு நிமிஷம் உட்கார்றாங்க? நாம உட்கார்றோம்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

"அவங்க இருக்கலைங்க," என்றார் குவாபரா. "சிக்கிட்டிருக்காங்க."

பேசியதை எழுதிவைத்த குறிப்பில் அது "பயனர்களின் ஆழ்ந்த ஈடுபாட்டைத் திறன் வாய்ந்த குடிமகன் சுட்டிக்காட்டினார்" என்று பதிவாயிற்று.

இரண்டாவது கூட்டம் குழுவுக்குச் சுருக்கப் பெயர் வைப்பதில் கழிந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு ஒரு பொம்மை வந்தது. கயிற்று முடிச்சு வடிவத்தில், இரண்டு கை, இரண்டு பெரிய கண். தளத்தின் செல்லப் பிள்ளையாக இருக்கப்போகிறதாம். உள்ளே ஓர் ஊழியர் இருந்தார், ஆனால் பொம்மைகள் பேசக் கூடாது என்பது விதி. அது குவாபராவுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. கூட்டத்தில் தான் சொல்வதைக் கேட்பது போலத் தெரிந்த ஒரே முகம் அதுதான் என்பதால், குவாபரா தன்னை அறியாமல் அதைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

நான்காவது கூட்டத்தில் நகராட்சியின் காணொளியைப் பற்றிப் பேச்சு வந்தது. "தனிமை இல்லா ஒகுநாமி" என்று பெயர், ஒன்பது நிமிடம். எண்பத்தாறு பேர் "பிடித்திருக்கிறது" என்று அழுத்தியிருந்தார்கள். எண்பத்தாறு பேரும் ஊழியர்கள். அழுத்தியவர்கள் முத்திரையிட வேண்டும் என்று சுற்றுக்கு விட்ட அட்டையை நொனாகா ஆதாரமாகக் காட்டினாள். காணொளியின் கீழே வெளியாள் ஒருவர் எழுதிய ஒரே ஒரு வரி இருந்தது. "யாராவது இருக்கீங்களா?" எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது.

"இதுக்கு ஏன் யாரும் பதில் போடலை?" என்றார் குவாபரா.

"பதில் தயாராத்தாங்க இருக்கு," என்றாள் நொனாகா. "இருக்கோம்ங்கறதுதான் பதில். ஆனா நாங்க இருக்கோமா, நகராட்சி இருக்குதா, எந்தப் பேர்ல சொல்றதுன்னு சட்டப் பிரிவுல பார்த்துட்டிருக்காங்க."

அன்று வீட்டுக்கு வந்து குவாபரா தன் தளத்தில் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தார். கையில் எப்போதும் தயாராக இருக்கும் கோபம் அன்றைக்கு வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதியவன் எந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினானோ என்றுதான் நினைப்பு ஓடியது. பிறகு கணினியை மூடிவிட்டு ஊடோன் நூடுல்ஸ் வேகவைத்து நின்றபடியே சாப்பிட்டார்.

ஜனவரியில் அவர் பொறுமை தீர்ந்தது. பேசி மாளாது என்று ஒரு மாதிரிப் பக்கத்தைத் தானே செய்தார். வெள்ளைப் பின்னணி. நடுவில் "ஜாமீன் போட ஆள் இல்லையா? கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு தொலைபேசி எண், ஒரு பெரிய பச்சைப் பொத்தான். படிவம் இல்லை, நட்சத்திரம் இல்லை, ஓடும் படம் இல்லை. முப்பது ஆண்டுகளில் செய்ததிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் சிக்கல்.

"எங்க பிரிவு எண்ணா?" என்று கேட்டார் ஹோஷினா. "போட்டா மணி அடிக்குமே."

"அடிக்கத்தாங்க போடறோம்."

"அடிச்சா எடுக்கணும். எடுத்தா பேசணும். பேசினா அது நகராட்சி சொன்னதா ஆயிடும்." நலத்துறை எண்ணைப் போடலாமே என்றார். நலத்துறை முதியோர் பிரிவைக் காட்டியது, முதியோர் பிரிவு தீயணைப்பு நிலையத்தைக் காட்டியது, தீயணைப்பு நிலையம் ஹோஷினாவைக் காட்டியது. எண் முடிவாகும்வரை இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் குவாபரா தன் கைபேசி எண்ணையே போட்டார். பக்கத்தில் மஞ்சள் எழுத்தில் "மாதிரி எண், மாற்றவும்" என்று எழுதினார். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

அந்தப் பக்கத்தைத் தாளில் அச்சடித்து ஒப்புதல் சுற்றுக்கு விட்டார்கள். சிக்கன நடவடிக்கையாக ஜனவரியிலிருந்து வண்ண அச்சு நிறுத்தப்பட்டிருந்தது. கறுப்பு வெள்ளையில் மஞ்சள் எழுத்து மறைந்துபோயிற்று. தாள் பதினேழு மேசைகளைச் சுற்றியது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிவப்பு முத்திரை. கீழே உள்ளவர் தன் முத்திரையை மேலதிகாரியின் கட்டத்தை நோக்கிச் சற்றே சாய்த்துக் குத்துவது அங்கே வழக்கம், குனிந்து வணங்குவது போல. இளநிலை அதிகாரியின் முத்திரை கிட்டத்தட்டப் படுத்தே இருந்தது. அடுத்தடுத்தவை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, துணை மேயரின் முத்திரை மட்டும் நேராக நின்றது. சாய்வின் அளவைத்தான் எல்லாரும் கவனமாகப் பார்த்தார்கள். எண்ணை யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலை எட்டரைக்குப் பக்கம் வெளியானது. எட்டு முப்பத்தேழுக்குக் குவாபராவின் கைபேசி அடித்தது.

"நகராட்சிங்களா?" ஓர் ஆண் குரல்.

"இல்லைங்க, நான்..."

"ஐயோ, வச்சிடாதீங்க. இப்பதான் முதல் தடவையா ஒருத்தர் எடுத்திருக்கீங்க."

குவாபரா வைக்கவில்லை. அந்த மனிதர் தெருவாகி என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வீடு மாற வேண்டும், ஜாமீன் போட ஆளில்லை. அதைச் சொல்ல மூன்று நிமிடம்தான் ஆயிற்று. மீதி இருபது நிமிடம், ஏழாம் எண் தடத்தில் எந்தெந்த வளைவில் கடல் தெரியும் என்று சொன்னார். குவாபரா கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் "அந்தக் கடைசி வளைவு எனக்கும் தெரியுங்க" என்றார். தன் குரல் சத்தமாகக் கேட்டது அவருக்கே புதிதாக இருந்தது.

அன்று பதினொரு அழைப்பு. மறுநாள் காலை பேருந்து பிடித்துப் போய் ஹோஷினா முன்னால் நின்றார்.

"அது என் சொந்த எண்ணுங்க. மாத்தணும்."

ஹோஷினா ஒப்புதல் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். "பாருங்க. பதினேழு முத்திரை. ஒரு இலக்கத்தை மாத்தினாலும் பதினேழு பேரும் பார்க்காம குத்தினாங்கன்னு சொன்ன மாதிரி. துணை மேயர் வரைக்கும். பார்க்காம குத்தினாரா அவர்?"

"பார்க்காமத்தான் குத்தியிருக்கார்."

"குவாபரா-சான்," என்றார் ஹோஷினா, மிகவும் அன்பாக. "நகராட்சிக்குப் போன் பண்ணினா எடுக்கறாங்கன்னு நேத்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கு. இந்தக் கட்டடம் கட்டினதிலிருந்து இதுதான் முதல் தடவை. ஒரு அமைப்போட உயிர் எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? யாரோ ஒருத்தர் எடுக்கறதுல. அந்த ஒருத்தர் நாங்களா இல்லாததுதான் இதுல சிறப்பு. எங்க யாருக்கும் பொறுப்பு இல்லை, மக்களுக்கும் குறை இல்லை. உங்களுக்கு மதிப்புறு இணைப்பாளர்னு பட்டம் குடுக்க ஏற்பாடு பண்றேன்."

வெளியே வரும்போது நொனாகா படிக்கட்டுவரை கூட வந்தாள். எண்ணை எடுக்க வேறு வழி இல்லையா என்று அவர் கேட்டதற்கு, ஏப்ரலில் அதிகாரிகள் இடம் மாறும்போது முயன்று பார்க்கலாம் என்றாள். பிறகு, "நீங்க எடுக்காம விட்டுடலாங்க. யாரும் கேட்கமாட்டாங்க," என்றாள்.

எடுக்காமல் விட அவரால் முடியவில்லை. மணி அடித்தால் எடுத்தார். பியானோ சுருதி சேர்க்கும் பெண் ஒருத்தி, வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டு, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்பது போல ஆரம்பித்து அன்றைய குளிரைப் பற்றிப் பேசினாள். நாய்க்கு அறுவை செய்யவும் ஜாமீன் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். ஒருவர் கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். குவாபராவும் பேசாமல் இருந்தார். கடைசியில் அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். எல்லார் பெயரையும் எழுதி அவர் நொனாகாவுக்கு ஃபேக்ஸ் அனுப்புவார். அங்கிருந்து அவர்களுக்குச் சான்றிதழ் போகும். அதில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் "நகராட்சி உறவிணைப்பு மையம்" என்றும், அதன் எதிரே குவாபராவின் எண்ணும் இருக்கும். வீட்டுத் தரகர்களும் மருத்துவமனைகளும் அந்த எண்ணைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம், தெரிந்தவர்தான், நல்ல மனிதர் என்று குவாபரா சொன்னார். மூன்று வாரத்தில் இருபத்தாறு பேருக்கு அவர் ஜாமீன்.

அந்தப் பட்டியலோடு சேர்த்து அனுப்பியிருந்த அவருடைய சொந்த விண்ணப்பமும் ஏற்கப்பட்டது. பிப்ரவரி கடைசியில் தடித்த உறையில் சான்றிதழ் வந்தது. குவாபரா தோமொஹிசா அவர்களின் ஜாமீன்தாரர், நகராட்சி உறவிணைப்பு மையம். எதிரே எண். அவர் அந்த எண்ணை இரண்டு முறை படித்தார். பிறகு காலண்டரைப் பார்த்தார். இன்னும் எட்டு நாள்.

நொனாகாவிடம் கேட்டுப் பார்த்தார். "உங்களால ஒரு முத்திரை போட முடியுங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தப் பிரிவுல வேலை செய்யறவங்க தனிப்பட்ட முறையில யாருக்கும் ஜாமீன் நிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. உறவை மேம்படுத்தறவங்க உறவு வச்சுக்கக் கூடாதாம், பாரபட்சம் வந்துடும்னு." அவள் நிமிரவில்லை. "நான் வீடு எடுத்தப்ப எனக்கும் ஆள் கிடைக்கலைங்க. ஒரு கம்பெனிக்குக் காசு குடுத்துதான் முத்திரை வாங்கினேன். ஆனா நீங்க போற ஆஸ்பத்திரில கம்பெனி முத்திரை ஏத்துக்கமாட்டாங்க."

தெருவாகியைக் கேட்டிருக்கலாம். தினமும் கூப்பிடுகிறவர்தான். இரண்டு முறை சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "நீங்க இருக்கறது எவ்வளவு தெம்பா இருக்கு தெரியுங்களா," என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டிருக்கும்போது எப்படிக் கேட்பது? அவர்களுக்கெல்லாம் இவர் நகராட்சி. நகராட்சிக்குப் பித்தப்பை கிடையாது, அண்ணன் செத்துப்போக மாட்டான், நகராட்சி யாரிடமும் போய்க் கெஞ்சாது. தினம் பத்துப் பேரோடு பேசியும் தன் பெயரைச் சொல்ல ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

மார்ச் ஆறாம் தேதி காலை ஒன்பதரைக்கு, மாற்று உடுப்பு வைத்த ஒரு சின்னப் பையோடு, மருத்துவமனையின் அனுமதிப் பிரிவில் நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட பெண் தாள்களைச் சரிபார்த்தாள். உதகாவா என்று பெயர்ப் பட்டை சொன்னது. சான்றிதழைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஓ, உறவிணைப்பு மையமா? இவங்க ரொம்ப நல்லா பதில் சொல்வாங்க. விதிப்படி ஒரு தடவை கூப்பிட்டு உறுதி பண்ணிக்கணும். இங்கயே நில்லுங்க, ஒரு நிமிஷம்."

அவள் மேசைத் தொலைபேசியில் எண்ணை அழுத்தினாள். குவாபராவின் கோட்டுப் பையில் மணி அடித்தது.

அவர் அதைச் சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருக்கலாம். காலையில் யாராவது கூப்பிடுவார்களே என்று ஆக்கவில்லை. மூன்று முறை அடித்தது. நாலாவது மணிக்கு மேல் காக்கவைப்பது மரியாதை இல்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

"வணக்கம். ஒகுநாமி நகராட்சி, உறவிணைப்பு மையம்."

உதகாவா தலையைத் தூக்கினாள். இரண்டு முழத் தூரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் அருகில் திறந்திருந்த நடைமுறைக் கையேட்டைப் பார்த்தாள். ஜாமீன்தாரர் எடுத்தால் என்ன கேட்பது என்று அதில் இருந்தது. ஜாமீன்தாரர் எதிரே நின்றால் என்ன செய்வது என்று இல்லை. கண்களைத் தாளில் வைத்துக்கொண்டு அவள் கேட்க ஆரம்பித்தாள்.

"காலைல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். குவாபரா தோமொஹிசாங்கறவரைத் தெரியுங்களா?"

"தெரியுங்க."

"எவ்வளவு நாளா?"

"சின்ன வயசிலிருந்தே."

"அவரைப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்குங்களா?"

குவாபரா யோசித்தார். "அதிகம் பேசமாட்டார். வலிச்சாலும் சொல்லமாட்டார். நீங்களா கேட்டாதான் உண்டு."

அவள் அதை எழுதிக்கொண்டாள். "மதியம் ரெண்டு மணிக்கு அறுவை. அப்ப பக்கத்துல இருப்பீங்களா?"

"பக்கத்துலதான் இருப்பேன்."

"வீட்டுக்கு அனுப்பற அன்னிக்குக் கூட்டிட்டுப் போக வருவீங்களா?"

இதற்குத்தான் அவருக்கு நேரம் பிடித்தது. பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார். குவாபராவுக்கு, பையோடு இந்த மேசை முன்னால் நிற்கும் அந்த ஐம்பத்தெட்டு வயது ஆள்மேல், தாங்கமுடியாத இரக்கம் வந்தது.

"வருவேன்," என்றார். "அவரைத் தனியா விட்டுடமாட்டேன்."

"ரொம்ப நன்றிங்க. நிறையப் பேர் போனை எடுக்கறதே இல்லை."

"உங்களுக்கும் ரொம்ப நன்றி. அவரைப் பார்த்துக்கங்க."

இருவரும் தொலைபேசியைப் பிடித்தபடி, பழக்கத்தால், ஒருவருக்கொருவர் குனிந்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். முதலில் வைப்பது மரியாதை இல்லை. நகராட்சி வைக்கட்டும் என்று அவள் நின்றாள். மருத்துவமனை வைக்கட்டும் என்று அவர் நின்றார். அவள் விடும் மூச்சு காதில் லேசாகக் கேட்டது. தன் மூச்சும் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. அவர் வைக்கவில்லை.